பணியாரத்தால் வந்த முதல் பரிசு

அன்புள்ள சொக்குவுக்கு, உன்னைப் பெற்ற ஆத்தா எழுதுவது. நலமா என்று கேட்கப்போவதில்லை. நேற்றுக் காலையில்தான் உன் கல்லூரிப் பையன்களைக் கூட்டிக்கொண்டு மதுரைப் போட்டிக்குப் பஸ் ஏறினாய்; இன்று ராத்திரி வந்து இறங்கிவிடுவாய். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எதற்குக் கடிதம் என்று உனக்குத் தோன்றும். வாயால் சொல்லிப் பார்த்துவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான் பேச ஆரம்பித்தாலே "சரி ஆத்தா, சரி ஆத்தா" என்று சொல்லிக்கொண்டே பைக்கை உதைக்கிறாய். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. கடிதத்தை அப்படித் தட்டிக்கழித்துவிட்டு ஓட முடியாது. உட்கார்ந்து முழுக்கப் படி. தை மாதம் உனக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் உன்னிடம் சொல்லித் தீர்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிறு நீ நடத்திய மூத்தோர் தடகளப் போட்டியில், ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்களுக்கான வேகநடையில் எனக்குக் கிடைத்த முதல் பரிசு என்னுடையதில்லை. பள்ளத்தூர் அமலி டீச்சருக்குப் போயிருக்க வேண்டியது. மாநிலப் போட்டிக்கு நம் மாவட்டத்திலிருந்து ஒரு பிரிவுக்கு ஒருவர்தான் போகலாம் என்பதால், அந்த இடமும் அவருடையதுதான். என் பெயரை எடுத்துவிட்டு அவர் பெயரை எழுது என்று சொன்னேன். நீ சிரித்தாய். "விடுங்க ஆத்தா, அது ஜாலிக்கு வச்சதுதானே" என்றாய். அந்த ஒரு வார்த்தையை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. ஜாலிக்கு என்றால் எதற்கடா பரிசு, எதற்கு மேடை, எதற்கு என் நெஞ்சில் நம்பர் குத்தினாய்?

நான் நடக்க ஆரம்பித்த கதை உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். பாதிதான் தெரியும். சர்க்கரை இருக்கிறது, தினமும் நடங்கள் என்று டாக்டர் சொன்னார். நீ கேன்வாஸ் ஷூ வாங்கிவந்தாய். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்த வெள்ளை ஷூவோடு கல்லூரி மைதானத்துக்குக் கிளம்பிய முதல் நாள், தெருவில் பால் வாங்க நின்றவர்கள் எல்லோரும் பாலை மறந்துவிட்டு என் காலையே பார்த்தார்கள். "ஆச்சி, எங்குட்டு இம்புட்டு வேகமாப் போறீக, பஸ்ஸை விட்டுட்டீகளா" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லியே பாதி மூச்சு போனது. சர்க்கரைக்காக நடந்தது முதல் சில மாதங்கள்தான். அப்புறம் ஒரு நாள், எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த உங்கள் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரைத் தாண்டினேன். தாண்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் சுருங்கிப்போனது. எனக்கு வந்த சந்தோஷத்தை வெளியில் சொன்னால் வெட்கம். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எல்லோருக்கும் பிறகுதான் குளித்திருக்கிறேன், எல்லோருக்கும் பிறகுதான் சாப்பிட்டிருக்கிறேன். ஒருவரை முந்திப்போவது எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அன்றிலிருந்து நான் முந்துவதற்காக நடக்கிறேன். நீயோ இன்றுவரை "ஆத்தா வாக்கிங் போறாக" என்றுதான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாய்.

அமலி டீச்சரை நான் பார்த்தது சென்ற வருடப் போட்டியில். பள்ளத்தூரில் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தவர். நரைத்த கொண்டை, பச்சைச் சுடிதார், கழுத்தில் ஜெபமாலை. நானும் உன் பேச்சைக் கேட்டு முதல்முதலாகச் சுடிதார் போட்டுக்கொண்டு, எங்கே துப்பட்டாவைச் செருகுவது என்று தெரியாமல் நின்றேன். அதைப் பார்த்து என்னைக் கட்டிய உன் அப்பச்சி அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. போட்டியில் கடைசி வளைவுவரை நான்தான் முன்னால். அந்த இடத்தில் பச்சைச் சுடிதார் என்னைத் தாண்டிப் போனது. முடிந்ததும் டீச்சர் திரும்பிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, கையை இன்னும் மடக்கி வீசினால் இடுப்பு தானாகத் திரும்பும் என்று சொல்லிக்கொடுத்தார். தோற்றவளுக்கு எங்கே தோற்றாள் என்று சொல்லிவிட்டுப் போகிறவர் எத்தனை பேர் இருப்பார்கள், சொல். மகளுக்குப் பிரசவம் என்று அவர் சென்ற வருடம் மாநிலப் போட்டிக்குப் போகவில்லை. இந்த வருடம் எது வந்தாலும் போவேன் என்றிருந்தார். நான் ஒரு வருடம் முழுக்க அந்த முதுகை நினைத்துக்கொண்டேதான் மைதானத்தைச் சுற்றினேன்.

இப்போது உன் திருக்காரியத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை கேன்டீன் கிடையாது, வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குக் காலைப் பலகாரத்தை நம் வீட்டிலேயே வைத்துவிடலாம், பெருமையாக இருக்கும் என்று வந்து நின்றாய். பெருமை என்ற சொல்லைக் காதில் போட்டுவிட்டால் நம் ஆட்கள் எதற்கும் துணிவோம் என்பது உனக்குத் தெரியாதா? சரி என்று சொன்னபிறகு வெறும் இட்லியை வைத்து அனுப்ப முடியுமா? முதல் நாளே சமையலுக்கு ஆள் சொல்லி, இனிப்புக்குக் கவுனி அரிசி ஊறப்போட்டு, வெள்ளைப் பணியாரத்துக்கு ஆட்டிவைத்து, எண்ணெயில் பொரிக்கிற கந்தரப்பம், இடியாப்பம், கத்தரிக்காய்க் கோசமல்லி, மிளகாய்த் துவையல் என்று கல்யாணப் பலகாரம்போல ஏற்பாடு ஆகிவிட்டது. நானும் மறுநாள் காலையில் நடக்கப்போகிறவள் என்பது அந்த வீட்டில் யாருக்கும் ஞாபகமில்லை. எனக்கே அடுப்படியில் நிற்கும்போது அது மறந்துபோனதுதான் எரிச்சல்.

முற்றத்தைச் சுற்றிய வளவில் வரிசையாக இலை போட்டோம். வந்தவர்கள் எல்லோரும் வயதானவர்கள், மரியாதை தெரிந்தவர்கள். ஒரு வீட்டில் இலையில் உட்கார்ந்துவிட்டால் போதும் என்று கையால் மறைத்தாலும் பரிமாறுகிறவர் விடமாட்டார், பரிமாறியதை மிச்சம் வைத்து எழுந்தால் வீட்டுக்காரருக்கு அவமானம் என்று பழகியவர்கள். அதிலும் நீ ஒவ்வோர் இலைக்கு முன்னாலும் குனிந்து, "நல்லாச் சாப்பிடுங்கம்மா, இன்னும் ரெண்டு வைக்கச் சொல்லவா" என்று கேட்டுக்கொண்டே போகிறாய். போட்டி நடத்துகிற பி.டி. சாரே வந்து கேட்டால் யார் மாட்டேன் என்பார்கள்? சாக்கோட்டையிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் இடுப்பில் முடிச்சைத் தளர்த்திக்கொண்டு சாப்பிட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். அமலி டீச்சர் முதலில் ஒரு இடியாப்பத்தோடு நிறுத்தத்தான் பார்த்தார். நீ கவுனி அரிசியை வைக்கச் சொன்னாய், வைத்தார்கள். அவர் இலையில் பணியாரம் தீர்ந்ததைப் பார்த்ததும் என் கை தானாகப் போய் இன்னும் இரண்டை வைத்தது. நாற்பது வருடமாக இலை காலியானால் வைத்துப் பழகிய கை. பழக்கத்தில்தான் வைத்தது என்று சத்தியம் செய்வேன். ஆனால் வைத்தபிறகு என் மனது, இவர் இதைச் சாப்பிடட்டும் என்று ஒரு நொடி நினைத்ததா இல்லையா என்று இந்த ஒரு வாரமாக யோசிக்கிறேன்.

நான் சாப்பிடவில்லை. வீட்டுக்காரி கடைசிப் பந்தி. எல்லோரும் கை கழுவி, காபி குடித்து, வெற்றிலை போட்டு முடித்து நான் இலை முன்னால் உட்காரப்போன நேரத்தில் நீ விசிலை ஊதிக்கொண்டு, நேரமாச்சு, எல்லோரும் வேனில் ஏறுங்கள் என்று விரட்டினாய். ஒரு டம்ளர் மோரைக் குடித்துவிட்டு ஓடிவந்தேன். ஆக, சுடிதார் போட்டு வரிசையில் நின்ற அத்தனை பெண்களில் வயிறு காலியாக நின்றவள் நான் ஒருத்திதான். இப்படி ஒரு முன்னேற்பாட்டை எதிராளிகளுக்குச் செய்ய வேண்டும் என்று திட்டம் போட்டுச் செய்திருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாக அமைந்திருக்காது.

அதன்பிறகு நடந்ததை ஊரே பார்த்தது. சாக்கோட்டை அம்மாள் முதல் சுற்றிலேயே ஏப்பம் விட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டார். இன்னொருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவதுபோலப் போனார். அமலி டீச்சர் மட்டும் முன்னால் போனார். பாதித் தூரத்தில் அவர் விலாவைப் பிடித்தார். முகம் வெளுத்தது. அப்படியும் விடாமல் ஒரு சுற்றுப் போனார். பிறகு பாதையைவிட்டு இறங்கி வேப்பமரத்துக்குப் பின்னால் போய்க் குனிந்தார். நான் அவரைத் தாண்டி நடந்தேன். ஒரு வருடம் காத்திருந்த நொடி அது. அவர் வாந்தி எடுக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தாண்டினேன். உன் பையன்கள் கேலரியில் உட்கார்ந்து சிரித்தார்கள். நீ மைக்கில், "இந்த வயசுல இவங்க நடக்கிறதே பெரிய விஷயம், எல்லாரும் நல்லாக் கை தட்டுங்க" என்றாய். நடப்பதே பெரிய விஷயம் என்றால் வீட்டிலிருந்து மைதானத்துக்கு நடந்துவந்ததற்கே எங்களுக்குப் பதக்கம் கொடுத்து அனுப்பியிருக்கலாமே. மூன்று கிலோமீட்டர் எதற்கு?

இன்னொன்றும் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன். வேகநடையில் ஒரு காலாவது எப்போதும் தரையில் இருக்க வேண்டும், ஊன்றுகிற காலின் முழங்கால் மடங்கக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நீதான். தப்பினால் முதலில் எச்சரிக்கை, மறுபடியும் தப்பினால் சிவப்பு அட்டை, வெளியே. கடைசி வளைவில் என் கால் இரண்டும் ஒருமுறைக்கு இருமுறை மேலே போனது எனக்கே தெரிந்தது. ஆசை யாரைவிட்டது, கோடு கண்ணுக்குத் தெரிந்ததும் ஓடத்தான் செய்தேன். நீ அட்டையை வைத்துக்கொண்டு என் எதிரில் நின்றாய். நான் உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்த்துவிட்டு, சட்டென்று உன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாய். நல்லது செய்ததாக நினைத்திருப்பாய். என் கழுத்தில் பதக்கத்தைப் போட்டபோது உன் கண் கலங்கியதையும் பார்த்தேன். பெற்ற வயிறு குளிர்ந்திருக்க வேண்டும். எனக்கு எரிந்தது.

அந்தப் பலகாரத்தை நீ தெரியாமல் போட்டாய் என்றால் விட்டிருப்பேன். போன வருடம் உன் கல்லூரி மைதானத்தில் ஓட்டப்பந்தய இறுதிப்போட்டி நடந்தது ஞாபகம் இருக்கிறதா? ஆத்தங்குடியிலிருந்து ஒரு தாய், மகனுக்கு டிபன் கேரியரில் இட்லியும் கறிக்குழம்பும் எடுத்துக்கொண்டு வந்தாள். நீ வாசலிலேயே மறித்து, அந்தப் பெண்பிள்ளையை என்ன சத்தம் போட்டாய். வயிறு நிறைந்தால் கால் நகராது, ஓடுகிறவனுக்குச் சோறு போட்டு அவன் வாழ்க்கையைக் கெடுக்காதே என்று கத்தினாய். அவள் அழுதுகொண்டே திரும்பிப்போனாள். பெற்றவளை இப்படிப் பேசலாமா என்று நான் அன்று ராத்திரி உன்னைக் கண்டித்தேன். நீ எனக்கும் ஒரு பாடம் நடத்தினாய். போட்டிக்கு எவ்வளவு நேரத்துக்கு முன் என்ன சாப்பிடலாம், எதைத் தொடவே கூடாது என்று வரிசையாகச் சொன்னாய். ஆக, உனக்கு எல்லாம் தெரியும். உன் பையன்களுக்கு வாழைப்பழமும் குளுக்கோஸ் தண்ணீரும், எங்களுக்குக் கந்தரப்பம். அவர்கள் ஓடுகிறார்கள், நாங்கள் விருந்துக்கு வந்திருக்கிறோம். உன் மனதில் இருந்தது இதுதான். மரியாதை என்று நீ நினைத்துக்கொண்டு செய்தாய். உன்னிடம் திட்டு வாங்குகிற அந்தப் பையன்களுக்குக் கிடைத்த மரியாதையில் கால்பங்குகூட எங்களுக்குக் கிடைக்கவில்லை.

வேறு யார் செய்திருந்தாலும் எனக்கு இவ்வளவு கோபம் வராது. நீ செய்ததுதான் பொறுக்கவில்லை. உடற்கல்வி படிக்கப்போகிறேன் என்று நீ சொன்னபோது இந்த வீட்டில் என்ன நடந்தது? உன் பெரியப்பச்சி, செட்டிவீட்டுப் பிள்ளை விசில் ஊதிப் பிழைக்கப்போறானா என்று கேட்டார்கள். கல்யாண வீடுகளில், "தம்பி என்ன செய்றாக, இன்னும் விளாட்டுத்தானா" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். நீ வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொள்வாய். "அவுகளுக்கு இது விளாட்டு. எனக்கு இதுதான் வேலைங்கிறது ஏன் ஆத்தா ஒருத்தருக்கும் புரியலை" என்று என்னிடம்தான் கேட்டாய். எனக்கும் அப்போது முழுக்கப் புரியவில்லை. ஆனாலும் உனக்காக உன் அப்பச்சியோடு மல்லுக்கு நின்றேன். கடைக்கு வரவில்லை என்றால் அவன் கெட்டுப்போய்விட மாட்டான் என்று சொல்லி உன்னைப் படிக்க அனுப்பினேன். தான் உயிரைக் கொடுத்துச் செய்வதை அடுத்தவர் சிரித்துக்கொண்டே பார்த்தால் எப்படி இருக்கும் என்பது இந்தக் காரைக்குடியில் உன்னைவிட யாருக்குத் தெரியும்? அந்த நீயே மைக்கைப் பிடித்துக்கொண்டு எங்களுக்குச் சிரித்துக்கொண்டே கை தட்டச் சொன்னாய்.

வியாழக்கிழமை நான் பள்ளத்தூருக்குப் பஸ் ஏறிப் போனேன். எங்கே போனேன் என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. டீச்சர் வீட்டில் நெஞ்சில் குத்திய நம்பர் துணியை ஊக்கோடு அப்படியே மாதா படத்துக்குக் கீழே மடித்து வைத்திருந்தார். எனக்கு உட்காரவே கூச்சமாக இருந்தது. மறுபடியும் நடப்போம் டீச்சர், நாம் இரண்டு பேர் மட்டும், யார் ஜெயிக்கிறார்களோ அவர் மாநிலத்துக்குப் போகட்டும் என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. சாப்பிட்டது தன் தப்பு, வயது இவ்வளவு ஆகியும் வேண்டாம் என்று சொல்லத் தெரியவில்லை என்று தன்மீதே போட்டுக்கொண்டார். பிறகு அந்த நம்பர் துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"முப்பது வருசம் பிள்ளைகளைப் போட்டிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கேன் ஆச்சி. அதுக ஓடும், நான் அதுகளோட பையைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். ரிட்டயர் ஆனன்னைக்குச் சால்வையைப் போத்தி நாற்காலியில உக்கார வச்சாக. எல்லாரும் என்னைய உக்காரத்தான் சொல்றாக. உங்க மகனும் இலையில உக்காரத்தான் சொன்னாரு. நீங்கதான் நடக்க வாங்கன்னு கூப்பிட வந்திருக்கீக."

ஞாயிற்றுக்கிழமைப் பூசையைச் சாயங்காலம் பார்த்துக்கொள்கிறேன், காலையில் வருகிறேன் என்றார்.

நடுவருக்கு யாரைப் போடுவது என்று பஸ்ஸில் திரும்பி வரும்போதெல்லாம் யோசித்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும், கேட்டை ஏன் சரியாகச் சாத்தவில்லை என்று உன் அப்பச்சி கேட்டார்கள். என் கவலை தீர்ந்தது. குறை கண்டுபிடிப்பதில் இந்த ஊரில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. நான் வைக்கும் குழம்பு, மடிக்கும் வேட்டி, தேதி கிழிக்கிற காலண்டர் எதுவும் அவர்களிடம் தேறியதில்லை. விஷயத்தைச் சொன்னேன். இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று வழக்கமான பாட்டைப் பாடிவிட்டு, உன் மேஜையில் இருந்த விதிமுறைப் புத்தகத்தை எடுத்து மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்துவரவில்லை. "ஒரு காலு தரையில இருக்கணும், முழங்கால் மடங்கக் கூடாது. அம்புட்டுத்தானே. இதைப் பாக்க எனக்குக் கண்ணு இருக்கு" என்றார்கள். உன் சிவப்பு அட்டையையும் எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

இன்று காலை நடந்தோம். டீச்சர் ஒரு வாழைப்பழத்தோடு வந்தார், நானும் அதேதான். மைதானத்தில் வேறு யாரும் இல்லை. கை தட்டவும் சிரிக்கவும் ஆளில்லாமல் இரண்டு பேரும் புறப்பட்டோம். வளைவுக்குப் பக்கத்தில் உன் அப்பச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து நின்றார்கள். கடையில் தராசு முள்ளைப் பார்க்கிறாற்போல எங்கள் காலையே பார்த்தார்கள். இரண்டாம் சுற்றில் டீச்சருக்கு ஒரு எச்சரிக்கை கொடுத்தார்கள். விருந்தாளிக்கு இப்படியா என்று எனக்கே சங்கடமாகிவிட்டது. டீச்சர் தலையை ஆட்டிவிட்டு நடையைத் திருத்திக்கொண்டார். நான் முன்னால் போனேன். நிஜமாகவே முன்னால் போனேன், சொக்கு. ஒரு வருட நடைக்குப் பலன் இருக்கிறது என்று தெரிந்தது. பின்னால் டீச்சரின் மூச்சுச் சத்தம் நெருங்கி நெருங்கி வந்தது. கடைசிக்கு முந்தின சுற்றில் உன் அப்பச்சி எனக்கும் எச்சரிக்கை காட்டினார்கள். நான் கண்டுகொள்ளவில்லை. கட்டின பெண்டாட்டியை வெளியே அனுப்பவா போகிறார்கள் என்று ஒரு நினைப்பு. கடைசி வளைவில் கோடு தெரிந்தது. அட்டை குறுக்கே வந்தது.

"இந்தா, ரெண்டு காலும் மேல இருக்கு. வெளிய வா."

"நல்லாப் பாத்தீகளா?"

"பாத்தேன். போன சுத்துலயும் பாத்தேன். வெளிய வா."

வந்தேன். அந்த அட்டையைப் பிடுங்கிக் கிழித்துப்போட வேண்டும் என்று ஆத்திரம் வந்தது. டீச்சர் நின்றுவிட்டார். நீங்களும் வாருங்கள், சேர்ந்தே முடிப்போம் என்று என்னைக் கூப்பிட்டார். எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ, "நிக்காதீக டீச்சர், நடங்க" என்று போட்ட சத்தத்தில் அவர் மறுபடியும் நடந்தார். தனியாக, முழங்கால் மடங்காமல், கோட்டைத் தாண்டிப் போனார். நான் ஓரத்தில் நின்று அழுதேன். தோற்றுவிட்டேன் என்று அழுததாக உன் அப்பச்சி நினைத்துக்கொண்டு, என்ன செய்வது என்று தெரியாமல் துண்டை எடுத்து நீட்டினார்கள். தோல்விக்கு அழவில்லை. இத்தனை வருடக் குடித்தனத்தில் அவர்கள் என்னிடம் கண்ட குறை கொஞ்சமில்லை. எல்லாமே நான் அடுத்தவருக்குச் செய்ததில் கண்ட குறை. இன்று கண்டது நான் எனக்காகச் செய்ததில் கண்ட குறை. நான் போட்டியில் இருக்கிறேன் என்று அந்த மனுஷர் நம்பினார்கள். நம்பியதால்தான் வெளியே போகச் சொன்னார்கள். நீ நம்பாததால்தான் கைக்கடிகாரத்தைப் பார்த்தாய்.

மாநிலப் போட்டிக்கான பெயர்களை வருகிற வெள்ளிக்கிழமைவரை மாற்றலாம் என்று குண்டு எறிதலில் ஜெயித்த யாருக்கோ நீ போனில் சொன்னது என் காதில் விழுந்தது. நாளைக்கே அமலி டீச்சர் பெயரை எழுது. எப்படிச் சொல்வது, யாரிடம் கேட்பது என்று இழுக்காதே. அவருக்கு உடம்பு முடியாமல் போனது போட்டி நடத்தியவன் வீட்டுச் சாப்பாட்டால், வென்றவள் கடைசிச் சுற்றில் விதியை மீறினாள், நடுவர் பார்த்தும் பார்க்காமல் விட்டார் என்று நடந்ததைச் சொல். உன் தலை ஒன்றும் போய்விடாது. போகும் என்றால் போகட்டும், அதற்கும் நான் உன் பக்கம் நிற்பேன், முன்பு நின்றேனே.

தை மாதம் இந்த வீட்டுக்கு ஒருத்தி வரப்போகிறாள். வங்கிப் பரீட்சைக்குப் படிக்கிறவள், கெட்டிக்காரி. அவளையும் நீ இப்படித்தான் நடத்துவாயோ என்றுதான் எனக்குப் பயம். அவள் ஏதாவது ஆசையாகச் செய்தால் எப்படி இருந்தாலும் பிரமாதம் என்பாய். அவள் தப்பாகச் சொன்னால் பாவம் என்று விட்டுவிடுவாய். கேரம் ஆடினால் வேண்டுமென்றே காயைத் தவறவிடுவாய். ஊரில் உன்னைத் தங்கமான மாப்பிள்ளை என்பார்கள். அவளுக்கு மட்டும் ஏன் இந்த வீட்டில் மூச்சு முட்டுகிறது என்று தெரியாது. விட்டுக்கொடுப்பது வேறு, ஓர் ஆளைக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளாதது வேறு. அவளோடு சண்டை போடு. அவள் ஜெயித்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள். தோற்றால் ஏன் தோற்றாள் என்று சொல். மற்றதையெல்லாம் அவளே பார்த்துக்கொள்வாள்.

ராத்திரி வந்து இதைப் படித்ததும் என் அறைக்கு வந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்காதே. காலைத் தொட்டுக் கும்பிடாதே. எனக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது, டீச்சருக்கும் இருக்கிறது, அடுத்த முறை அவரை ஒழுங்காக ஜெயிக்க வேண்டும். விளக்கைப் போடு. தோற்றுவிட்டு வருகிற உன் பையன்களிடம் கேட்பாயே, அந்தக் கடுமையான குரலில், கடைசி வளைவில் உன் காலுக்கு என்ன கேடு என்று என்னிடம் கேள். நான் விழித்துத்தான் இருப்பேன். பதில் வைத்திருக்கிறேன்.

உன் ஆத்தா